கல்லூரிக்குப் போன பிள்ளை ஏன் பேசுவதில்லை?

எங்கள் தோட்டத்துப் பெண் ஒருத்தி 2018ஆம் ஆண்டு மெட்ரிகுலேஷன் கல்லூரிக்குப் போனாள். தகப்பனார் செம்பனைக் குலை அறுப்பவர். தாயார் முன்பு பால்மரம் வெட்டியவர். ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்த பிறகு உரம் போடும் வேலைக்குப் போகிறவர். மூன்று பிள்ளைகளில் இவள் மூத்தவள். அதற்கு முன் பல ஆண்டுகளாக எங்கள் தோட்டத்திலிருந்து யாரும் அப்படியொரு கல்லூரியின் வாசலை மிதித்ததில்லை. ஆகவே அவளை வழியனுப்பியது ஒரு சிறு திருவிழாவாகவே நடந்தது.

கோயில் மண்டபத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. ஆளுக்குப் பத்து வெள்ளி, இருபது வெள்ளி என்று சேர்த்துக் கொடுத்தார்கள். கடைக்காரர் ஒரு பெரிய மைலோ டின்னும் ஒரு பெட்டி மெகி மீயும் கொண்டு வந்து வைத்தார். பக்கத்து வீட்டுப் பாட்டி துணி அலச ஒரு வாளியும் துணி மாட்டும் கம்பிகளும் வாங்கி வந்திருந்தார். மாலை போட்டோம், பொன்னாடை போர்த்தினோம். ஆறு ஆண்டுகள் அவளுக்குப் பாடம் சொன்ன ஆசிரியை என்ற உரிமையில் என்னைப் பேசச் சொன்னார்கள். நானும் பேசினேன். "நீ தோற்றால் இந்தத் தோட்டமே தோற்றது போல. நம்மால் முடியாது என்று சொன்னவர்களுக்கெல்லாம் நீதான் பதில்" என்று உரக்கச் சொன்னேன். கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. நல்ல பேச்சுதான் என்று நானும் நினைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

ஒரு மாதம் கழிந்திருக்கும். ஒரு நாள் மாலை அவளுடைய தாயார் பள்ளிக்கூடத்து வேலியோரம் வந்து நின்றார்.

"டீச்சர், போன் போட்டா 'நல்லா இருக்கேம்மா, சாப்பிட்டேன், வைக்கிறேன்'னு ரெண்டு வார்த்தைதான் பேசுது. வாய் ஓயாம பேசுற புள்ள. என்னமோ எனக்கு மனசுக்குச் சரியாப் படல."

"படிப்பு கொஞ்சம் பளுவா இருக்கும்க்கா. அடிக்கடி போன் போட்டுத் தொந்தரவு பண்ணாதீங்க" என்று ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டேன். படித்தவள் நான், அவர் படிக்காதவர். ஆனால் பிள்ளையின் குரலைக் கேட்டு நோவைக் கண்டுபிடித்தவர் அவர்தான்.

ஆகஸ்டு மாதத்தில் ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறைக்கு அவள் வீட்டுக்கு வந்தாள். தாயார் விடாமல் என்னிடம் அழைத்து வந்தார். பள்ளியின் சிற்றுண்டிச் சாலை பெஞ்சில் உட்கார்ந்து பேசினோம். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. பத்து நிமிடம் எதையும் சொல்லவில்லை. அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள்.

முதல் வேதியியல் சோதனையில் அவளுக்கு 38 மதிப்பெண். எஸ்.பி.எம். தேர்வில் அதே பாடத்தில் 'ஏ' வாங்கியவள். இருநூறு பேருக்கு மேல் உட்காரும் விரிவுரை மண்டபத்தில் ஆங்கிலத்தில் பாடம் நடக்கிறது, சுற்றியிருப்பவர்கள் தலையாட்டுகிறார்கள். "எல்லாருக்கும் புரியுது டீச்சர், எனக்கு மட்டுந்தான் புரியல" என்றாள். இரவில் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவாளாம், அறையில் இருப்பவர்களுக்குக் கேட்காமல் இருக்க. இரண்டு வாரமாக ஒருவேளைதான் சாப்பாடு. பணம் இல்லாமல் இல்லை. சாப்பாட்டுக் கூடத்தில் யார் முகத்தையும் பார்க்கக் கூச்சம்.

"வீட்டுக்காவது சொல்லியிருக்கலாமேம்மா?"

"எப்படி டீச்சர் சொல்றது? நீங்க மண்டபத்துல பேசுனது காதுல கேட்டுக்கிட்டே இருந்துச்சு."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவளுடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். எந்தக் கல்லூரி, என்ன பெயர் என்பதெல்லாம் வேண்டாம். எந்தக் கல்லூரியிலும் நடப்பதுதான். முதலாண்டுப் பிள்ளைகளின் மன உளைச்சல் பற்றி அந்த நாள் முதல் நான் படித்ததையும், போய் வந்த பிள்ளைகளிடம் கேட்டதையும் பெற்றோர்களோடு பகிர்ந்துகொள்வதே என் நோக்கம்.

முதலாண்டில் அப்படி என்ன இருக்கிறது?

மெட்ரிகுலேஷன் பெரும்பாலோருக்கு ஓராண்டுப் படிப்பு, இரண்டே பருவங்கள். ஆறாம் படிவத்தில் எஸ்.டி.பி.எம். படிப்பவர்களுக்கு மூன்று பருவங்கள் உண்டு. ஓராண்டில் முடித்தாக வேண்டும் என்பதால் மெட்ரிகுலேஷன் பாடம் ஓட்டமாக ஓடும். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் ஓர் அத்தியாயமே கடந்துவிடும்.

ஓட்டம் மட்டுமல்ல, முறையே வேறு. இடைநிலைப்பள்ளியில் ஆசிரியர் குறிப்பு தருவார், பிள்ளையின் முகத்தைப் பார்த்தே புரிந்ததா இல்லையா என்று கண்டுகொள்வார். கல்லூரியில் விரிவுரை முடிந்தால் விரிவுரையாளர் போய்விடுவார். பிறகு சிறு குழு வகுப்பு வரும். அதற்குக் கணக்குகளை முன்கூட்டியே செய்துகொண்டு போக வேண்டும். செய்யாமல் போனால் அங்கே நடப்பதும் தலைக்கு மேலேதான். விரிவுரை புரியவில்லை, ஆகவே கணக்குச் செய்யவில்லை, ஆகவே குழு வகுப்பில் தலைகுனிவு, ஆகவே அடுத்த வகுப்புக்குப் போகவே மனமில்லை என்று பல பிள்ளைகள் ஒரு மாதத்துக்குள்ளேயே இந்தச் சுழலில் மாட்டிக்கொள்கிறார்கள்.

மொழியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் பிள்ளை ஆறு ஆண்டுகள் தமிழில் படிக்கிறது. இடைநிலைப்பள்ளியில் மலாய். அதற்கிடையில் புகுமுக வகுப்பில் ஓராண்டு கழித்தவர்களும் உண்டு. கல்லூரியில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலம். இந்தப் பெண் என்னிடம் ஒரு சொல்லைக் காட்டினாள்: 'சொல்யூஷன்'. வேதியியல் வகுப்பில் அதற்குக் கரைசல் என்று பொருள்; மலாயில் 'லாருத்தான்' என்று படித்தாள். அடுத்த மணி கணித வகுப்பில் அதே சொல்லுக்குத் தீர்வு என்று பொருள். அவள் அறிவில் குறையில்லை. கரைசல் என்றால் அவளுக்கு நன்றாகவே தெரியும், மூன்றாம் வகுப்பில் உப்பையும் தண்ணீரையும் கலக்கி நான் காட்டியது அவளுக்கு நினைவிருந்தது. கதவில் போட்ட பெயர்தான் மாறிவிட்டது.

இன்னொன்று, நம் பள்ளிகள் சிறியவை. எங்கள் பள்ளியில் அவள் வகுப்பில் 12 பேர். அதில் எப்போதும் முதல் அவள்தான். கல்லூரியிலோ வந்திருப்பவர்கள் எல்லாரும் எங்கோ ஒரு வகுப்பில் முதலாக வந்தவர்கள். அவர்களுக்குள்ளும் ஒருவர் கடைசியாக வந்துதானே ஆக வேண்டும்? ஆனால் வாழ்நாளில் முதன்முறையாகப் பின்வரிசைக்குத் தள்ளப்படும் பிள்ளை அதை அப்படிப் பார்ப்பதில்லை. தன்னைத் தவறுதலாகச் சேர்த்துவிட்டார்கள், ஒரு நாள் கண்டுபிடித்து அனுப்பிவிடுவார்கள் என்றே எண்ணுகிறது.

பல்கலைக்கழகத்துக்கோ பாலிடெக்னிக்கிற்கோ போகும் பிள்ளைகளுக்குப் பணக் கவலையும் சேரும். உயர்கல்விக் கடனான பி.டி.பி.டி.என். பணம் சேர்ந்த முதல் நாளே கைக்கு வந்துவிடாது. கட்டணம், புத்தகம், அறைச் சாமான் என்று அதற்குள் எல்லாம் வாங்கியாக வேண்டும். முன்பணம் கேட்க வழி உண்டு என்பதையும் பலர் அறிவதில்லை. இரண்டு பாக்கெட் மெகி மீயில் ஒரு நாளை ஓட்டும் பிள்ளைக்குப் பாடம் ஏறவில்லை என்றால் அதில் வியப்பென்ன?

நானும் இதைக் கடந்து வந்தவள்தான். 1990களின் இறுதியில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் முதலாண்டு. முதல் பயிற்சி வகுப்பில் விரிவுரையாளர் கடைசி வரிசையில் அமர்ந்து குறிப்பெடுக்க, நான் கரும்பலகையில் ஒரு வகுத்தல் கணக்கைத் தவறாகச் செய்துவிட்டு, முப்பது பிள்ளைகள் பார்க்க விழித்துக்கொண்டு நின்றேன். "டீச்சர், அது தப்பு" என்று ஒரு சின்னப் பையன் எழுந்து சொன்னான். லயத்தில் எங்களுக்குத் தொலைபேசி கிடையாது. அன்றிரவு வீட்டுக்குக் கடிதம் எழுதினேன்: 'எல்லாம் நலம். சாப்பாடு நன்றாக இருக்கிறது.' அந்தக் கடிதத்தை அம்மா இன்றும் பெட்டியில் வைத்திருக்கிறார். அந்தப் பொய்யை எழுதிய கையே இருபது ஆண்டுகள் கழித்து ஒரு பிள்ளையின் தலையில் தோட்டத்தையே தூக்கி வைத்தது.

உடம்பில் நடப்பது

மன உளைச்சல் மனத்தோடு நின்றுவிடுவதில்லை. ஆபத்து என்று மூளை நினைத்ததும் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் படபடக்கிறது, கை வியர்க்கிறது. தொடர்ந்து கார்ட்டிசால் என்னும் சுரப்புநீர் கூடுகிறது. புலி துரத்தினால் ஓடுவதற்கு இது உதவும். வேதியியல் தாள் முன் உட்கார்ந்திருக்கும் பிள்ளை எங்கே ஓடுவது? கனடாவில் ஆய்வு செய்த ஹான்ஸ் செல்யே என்பவர் 1936ஆம் ஆண்டு இதை மூன்று கட்டங்களாகப் பிரித்துச் சொன்னார். முதலில் உடல் திடுக்கிடுகிறது. பிறகு பல்லைக் கடித்துத் தாக்குப் பிடிக்கிறது. தொல்லை தீரவே இல்லையென்றால் கடைசியில் சோர்ந்து விழுகிறது. இரண்டாவது கட்டத்தில் இருக்கும் பிள்ளைதான் தொலைபேசியில் 'நல்லா இருக்கேம்மா' என்று சொல்கிறது.

கொஞ்சம் பயம் இருக்கத்தான் வேண்டும். பயமே இல்லாதவன் புத்தகத்தைத் திறக்க மாட்டான். பால்மரம் வெட்டியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பட்டையை மேலாகச் சீவினால் பால் வராது. ஆழ வெட்டினால் மரம் காயப்படும், காயம்பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், மறுபடி அங்கே கத்தி வைக்க முடியாது. வெட்டின மரத்தை மறுநாள் சும்மா விடுவதும் அதற்காகத்தான். அந்தத் தாயாரிடம் இதைச் சொன்னபோது, "அப்ப நம்ம புள்ளைய தினமும் வெட்டுறாங்களா டீச்சர்?" என்று கேட்டார். பாதிப் பேர் தங்களைத் தாங்களே வெட்டிக்கொள்கிறார்கள் என்பதுதான் உண்மை. இரவு முழுவதும் விழித்திருந்து காப்பி குடித்துப் படிப்பது அப்படிப்பட்ட வெட்டு. பகலில் படித்ததை மூளை நிலைநிறுத்திக்கொள்வது தூக்கத்தில்தான். தூக்கத்தை விற்று வாங்கிய படிப்பு தேர்வு மண்டபத்தில் கைக்கு வராது.

கைத்தொலைபேசியையும் சொல்லாமல் விட முடியாது. கவலையை மறக்கக் குட்டிப் படங்களைப் பார்க்கத் தொடங்கி இரவு இரண்டு மணியாகும். மறுநாள் எட்டு மணி விரிவுரைக்கு எழ முடியாது. பையன்கள் விளையாட்டில் மூழ்குகிறார்கள். சிலர் சிகரெட்டைக் கற்றுக்கொள்கிறார்கள். இதையெல்லாம் கெட்ட பழக்கம் என்று திட்டுவது சுலபம். ஆனால் வலிக்கிற இடத்தைத் தொடாமல் இருக்க அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த வழி அதுவாக இருக்கிறது.

'நான் மட்டுந்தான்' என்ற எண்ணம்

அமெரிக்காவில் வால்டன், கோஹென் என்னும் இரண்டு ஆய்வாளர்கள் ஒரு கல்லூரியின் முதலாண்டு மாணவர்களிடம் நடத்திய சோதனையை 2011ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். பாடம் எதுவும் கூடுதலாக நடத்தவில்லை. 'முதலாண்டில் எங்களுக்கும் இந்த இடம் நமக்கில்லையோ என்று தோன்றியது, போகப் போகச் சரியாயிற்று' என்று மூத்த மாணவர்கள் சொன்னதாக வந்த செய்தியைப் படிக்கக் கொடுத்தார்கள். அதைத் தங்கள் அனுபவத்தோடு சேர்த்து எழுதச் சொன்னார்கள். ஒரு மணி நேர வேலை. அங்கே சிறுபான்மையினரான கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் அதற்கடுத்த மூன்று ஆண்டுகளில் உயர்ந்தது. வெள்ளையின மாணவர்களுக்கும் அவர்களுக்கும் இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்தது. அவர்கள் நாடு வேறு, கதை வேறு. ஆனாலும் இதைப் படித்தபோது எனக்கு அந்தச் சிற்றுண்டிச் சாலை பெஞ்சு நினைவுக்கு வந்தது. அவளை வாட்டியது 38 என்ற எண் அன்று. 'எனக்கு மட்டுந்தான்' என்ற சொல்.

அன்று நான் அவளுக்குச் சொன்னது ஒன்றே ஒன்று. திரும்பிப் போனதும் அறையிலுள்ள ஒருத்தியிடமாவது மதிப்பெண்ணைச் சொல்ல வேண்டும். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் செய்தாள். கட்டிலுக்கு எதிர்க்கட்டிலில் இருந்தவள் கிளந்தானிலிருந்து வந்த மலாய்ப் பெண். இவள் சொல்லி முடித்ததும் அந்தப் பெண் மெத்தையைத் தூக்கி, அடியில் ஒளித்து வைத்திருந்த தன் தாளை எடுத்து நீட்டினாளாம். 41. இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். தலையாட்டியவர்களில் பாதிப் பேருக்குப் புரியவில்லை என்பது அதற்குப் பிறகுதான் மெல்ல மெல்லத் தெரிய வந்தது.

அதன் பின் அவள் கைக்கொண்ட வழிகளைக் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்தி போட்டுக்கொண்டாள்: ஆங்கிலம், மலாய், தமிழ். அன்றன்று தடுக்கிய சொற்களை மட்டும் அதில் எழுதுவாள். முதல் மாதம் பக்கம் பக்கமாக நிரம்பியது; மூன்றாம் மாதம் நாளுக்கு இரண்டு சொல்தான். விரிவுரையாளரிடம் போக மிகவும் பயந்தாள். 'எனக்கு ஒன்றுமே புரியவில்லை' என்று போய் நின்றால் அவராலும் உதவ முடியாது. ஆகவே கணக்கைத் தொடங்கி, எந்த வரியில் நின்றுபோனாளோ அந்த வரியில் கோடு போட்டு எடுத்துக்கொண்டு போனாள். ஐந்து நிமிடத்தில் தெளிந்தது. அறைத் தோழிகள் நான்கு பேரும் ஆளுக்கொரு பாடத்தை எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இவளுக்கு வாய்த்தது கணிதம். பிறருக்கு விளக்கப் போகும்போதுதான் தனக்கு எது தெரியவில்லை என்பது தெரிகிறது என்றாள். இருபதாண்டு ஆசிரியப் பணியில் நான் கண்டதும் அதுதான்.

தேர்வுக்கு முன் மனம் படபடப்பவர்களுக்கு இன்னொரு வழி. ராமிரெஸ், பெய்லாக் என்னும் ஆய்வாளர்கள் 2011ஆம் ஆண்டு கண்டது: தேர்வு தொடங்குமுன் பத்து நிமிடம் தங்கள் பயத்தை ஒளிவுமறைவின்றித் தாளில் எழுதியவர்கள், தேர்வு பயம் மிகுந்தவர்களாயினும், எழுதாதவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். மனத்தில் சுற்றிக்கொண்டிருப்பது தாளுக்கு இறங்கிவிட்டால் மூளைக்கு இடம் கிடைக்கிறது போலும். இவள் அதைத் தமிழில் எழுதுவாள். எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டுத் தேர்வு மண்டபத்துக்குள் போவாள்.

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. எங்கள் தோட்டத்துப் பையன் ஒருவன் பாலிடெக்னிக் முதற்பருவம் பாதியிலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். தகப்பனார் அவனோடு மூன்று மாதம் பேசவில்லை. மண்டபத்தில் பொன்னாடை போர்த்தியவர்கள் கண்ணில் படாமல் இருக்க அவன் இருட்டிய பிறகுதான் கடைக்குப் போவான். விசாரித்துப் பார்த்ததில், அந்தப் படிப்பை அவன் கேட்கவே இல்லை. மனுவில் இடம் நிரப்ப உறவினர் ஒருவர் எழுதிக் கொடுத்தது. பிறகு அவன் தொழில் திறன் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கினான். இப்போது குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கிறான். எங்கள் பள்ளி அலுவலகத்துப் பெட்டியையும் அவன்தான் பார்த்துக் கொடுத்தான். தாக்குப் பிடி என்று எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மருந்தைக் கொடுக்கக் கூடாது. பாடம் கடினமா, பழக்கமில்லாத இடமா, படிப்பே பொருந்தவில்லையா என்று கேட்டுத்தான் சொல்ல வேண்டும். கேட்பதற்கு முதலில் அவன் நம்மிடம் பேச வேண்டுமே!

வீட்டில் செய்யக்கூடியது

பெற்றோர்கள் வேதியியல் சொல்லித்தர வேண்டியதில்லை. தொலைபேசியில் முதல் கேள்வியாக 'சோதனையில் எவ்வளவு?' என்று கேட்காமல் இருந்தாலே பாதி பாரம் இறங்கும். அந்தத் தாயார் பின்னர் கண்டுபிடித்த முறை எனக்குப் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பசியாறிய பிறகு அழைப்பார். தன் கதையை முதலில் சொல்வார்: மண்டோர் திட்டியது, உரமூட்டையில் வழுக்கி விழுந்தது, கோழி தொலைந்தது. "எனக்கு இந்த வாரம் நல்லாவே இல்ல, உனக்கு எப்படி?" என்று முடிப்பார். தாய் தன் தோல்வியைச் சொன்ன பிறகு பிள்ளை 'நலம்' என்று பொய் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. ஒரு நாள் அவர் சொன்னாராம்: "பெயிலாப் போனா நேரா வீட்டுக்கு வா. சோறு இருக்கு." என் மேடைப் பேச்சைவிட அது பெரிய பேச்சு.

தகப்பன்மார் பலர் பிள்ளைகளோடு தொலைபேசியில் பேசுவதே இல்லை; 'அம்மாக்கிட்ட கொடுக்கிறேன்' என்று சொல்லிவிடுகிறார்கள். இது பையன்களைத்தான் அதிகம் பாதிக்கிறது.

சில அறிகுறிகளைச் சாதாரண சோர்வு என்று விட்டுவிடக் கூடாது. வாரக்கணக்கில் தூக்கமில்லாமை, சாப்பிடாமை, யாரையும் பார்க்காமல் அறையிலேயே கிடப்பது, 'நான் இல்லாவிட்டால் உங்களுக்குக் கடனாவது மிஞ்சும்' என்பது போன்ற பேச்சு. இவற்றைக் கேட்டால் அன்றே புறப்பட்டுப் போக வேண்டும். கல்லூரிகளில் ஆலோசகர் இருப்பார், அவரைப் பார்க்கலாம். அரசாங்க மருத்துவமனைக்கு அழைத்துப் போகலாம். இரவு பகல் எந்நேரமும் பேச பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் கோலாலம்பூர் எண் 03-76272929. சுகாதார அமைச்சின் ஹீல் ஆலோசனை எண் 15555. சொன்னது வெளியே போகாது.

போலீசுக்குப் போய்விடுமோ என்ற பயத்தில் மூடி மறைத்த குடும்பங்களை நான் அறிவேன். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023ஆம் ஆண்டு நீக்கப்பட்டுவிட்டது. அப்படிப்பட்ட பிள்ளை இப்போது சட்டத்தின் முன் குற்றவாளி அல்ல, உதவி வேண்டியவர். கண்ணேறு கழிப்பதையும் கோயிலில் மந்திரிப்பதையும் வேண்டாமென்று நான் சொல்லவில்லை; திருநீறு பூசிய கையோடு மருத்துவரிடமும் போங்கள் என்றுதான் சொல்கிறேன்.

அந்தப் பெண் முதற்பருவத்தைத் தட்டுத்தடுமாறியும் இரண்டாம் பருவத்தை நன்றாகவும் முடித்தாள். பல்கலைக்கழகம் போனாள். இப்போது சுங்கைப்பட்டாணிப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை; கரைசல்களோடுதான் அன்றாடம் அவள் பிழைப்பு.

சென்ற ஆண்டு எங்கள் தோட்டத்திலிருந்து இன்னொரு பையன் மெட்ரிகுலேஷனுக்குப் புறப்பட்டான். மறுபடியும் மண்டபம், மைலோ டின், வாளி. என்னைப் பேசச் சொன்னார்கள். நான் எழுந்து, எனக்குப் பதிலாக இவள் பேசுவாள் என்று அவளைக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அவள் மேடையேறி, ஒலிபெருக்கியைக் கூட எடுக்காமல், "தம்பி, முதல் வேதியியல் சோதனையில எனக்கு முப்பத்தெட்டு" என்றாள். மண்டபம் ஒரு கணம் அமைதியாகி, பிறகு சிரித்தது. அவளுடைய அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாலையும் கழுத்துமாக நின்ற பையன் மெல்லக் கேட்டான்:

"அக்கா, நான் முப்பத்தஞ்சு வாங்குனா உங்களுக்குப் போன் போடலாமா?"

அவள் கைத்தொலைபேசியை எடுத்து அவனிடம் நீட்டி, எண்ணைப் பதிந்துகொள்ளச் சொன்னாள்.